இரண்டு பம்ப் இருந்தும் தண்ணீர் வராதது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில். தைப்பூசக் காவடி அன்று மடப்பள்ளியில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று இரண்டு பம்ப் போட்டோம். அன்று முழுக்கப் பழுதில்லாமல் ஓடும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 0.9. இரண்டும் ஒருசேரப் படுக்க வாய்ப்பு 0.1 × 0.1 = 0.01. ஆக 0.99 கிடைத்துவிட்டது, இலக்கும் அதுதான் என்று கணக்கை மூடினேன்.

காவடி காலையில் தண்ணீர் இல்லை. பம்ப் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டுக்கும் பொதுவான ஸ்டார்ட்டர் பேனலை (பம்பை இயக்கி நிறுத்தும் மின்பெட்டி) திறந்தால் உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. (பல்லி விழும் பலனில் இதைச் சேர்க்கவில்லை!)

பேனலுக்கு நான் இலக்கே வைக்கவில்லை. அதன் நம்பகம், அதாவது பழுதில்லாமல் ஓடும் வாய்ப்பு, 0.97 என்றால், பேனலும் வேண்டும் பம்பும் வேண்டும் என்பதால் மொத்தம் 0.99 × 0.97, சுமார் 0.96தான். மூன்றாவது பம்ப் வாங்கினாலும் 0.97ஐத் தாண்டாது.

சரி, 0.99 என்ற இலக்கைப் பேனலையும் சேர்த்துப் பங்கிடுவோம். பம்ப் ஜோடிக்கு 0.995, பேனலுக்கு 0.995, பெருக்கினால் 0.99. இங்கே பலர் ஒவ்வொரு பம்புக்கும் 0.995 என்று எழுதிவிடுகிறார்கள். அது ஜோடியின் இலக்கு. ஒன்றுக்கு ஒன்று துணை நிற்பதால் தனிப் பம்புக்கு 0.93 போதும். மிச்சம் வீண் செலவு.

சமமாகப் பிரிப்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. எது மலிவாகத் தேறுமோ அதன் மேல் பாரத்தை ஏற்ற வேண்டும். பேனலின் ஓட்டைகளை அடைத்து, நல்ல கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு 0.999க்குக் கொண்டுவந்தால் பம்புக்கு 0.91 போதும்.

அந்த 0.1 × 0.1 பெருக்கலே சந்தேகத்துக்குரியது. இரண்டு பம்பும் ஒரே குழியில் இருந்தால், 2022 ஏப்ரலில் டர்பனில் வந்தது மாதிரி ஒரு வெள்ளம் இரண்டையும் சேர்த்தே மூழ்கடிக்கும். பழுதுகளில் பத்தில் ஒன்று இப்படிப் பொதுக் காரணத்தால் வருவது என்று வைத்தாலே, ஜோடி படுக்கும் வாய்ப்பு 0.01லிருந்து 0.018 ஆகிவிடும். ஒன்றை மேட்டில் வைப்பது மூன்றாவது பம்பை விட மலிவு.

அப்புறம், சும்மா நிற்கும் பம்ப் செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் இரண்டாவது பம்பை ஓட்டித்தான் அண்டா நிரப்புகிறார்கள்.