கல்லூரி ஐஸ் ஹாக்கி மாணவர் கூட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி அரங்குகளில் மாணவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கும். பெரும்பாலும் ஒரு கோல் வலைக்குப் பின்னால், சில இடங்களில் பக்கவாட்டில். அந்தப் பகுதியில் சத்தம் தானாக வருவதில்லை. யாரோ சிலர் சரியான நொடியில் தொடங்கிவைக்கிறார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். நான் படித்த காலத்தில் அப்படித் தொடங்கிவைக்கும் சிலரில் ஒருவனாக இருந்தேன். இப்போதும் குளிர்காலத்தில் வெள்ளி, சனி இரவுகளில் வாய்ப்புக் கிடைத்தால் போய்விடுவேன். புதிதாகப் பொறுப்பெடுக்கும் பிள்ளைகள், நாங்கள் அன்று செய்து தோற்ற அதே காரியங்களை மறுபடி செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்கு வா, குடித்துவிட்டு வராதே, எதிரணி நிறத்தில் சட்டை போடாதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

வார்த்தையைப் படித்துவிட்டு நேரத்தை விடுவது

ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. விசில் ஊதினால் கிடைப்பது சில நொடி இடைவெளிதான். கோல் விழுந்ததும் எதிரணி கோல்கீப்பரை நோக்கிக் கை நீட்டி ‘சல்லடை, சல்லடை’ என்று கத்துவது பல கல்லூரிகளில் உண்டு. அதற்கு முன் அதுவரை போட்ட கோல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் கூட்டங்களும் உண்டு. நடுவர் மறுபடி பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, களத்தில் போடுவதற்குள் இதெல்லாம் முடிந்தாக வேண்டும். நான்கு, ஐந்து கோல் போட்ட பிறகு எண்ணும் வேகத்தைக் கூட்டாவிட்டால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, அணிகள் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாறும். எதிரணி கோல்கீப்பர் உங்கள் முன்னால் நிற்பது முதல், மூன்றாம் பகுதிகளிலா, இரண்டாவதில் மட்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர் காதுக்குப் போக வேண்டியதை 200 அடி தள்ளி மறுமுனையில் அவர் நிற்கும்போது சொல்லிப் பயனில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா ரிங்கில் எதிரணி வீரர்களின் பெயரை அறிவிக்கும்போது மாணவர்கள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். ‘உங்களைப் பார்க்கக்கூட ஆர்வமில்லை’ என்று அர்த்தம். முதல் பெயருக்கு முன்பே எல்லாத் தாளும் விரிந்திருந்தால்தான் அது உறைக்கும். மூன்றாவது பெயரில் ஒருவர், ஐந்தாவதில் ஒருவர் என்று விரித்தால் நிஜமாகவே பேப்பர் படிக்க வந்தவர்கள் போல இருக்கும். அச்சுத் தாள் கையில் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலம் இது. இப்படி ஒரு பழக்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால், தாளைச் சேர்த்து வைக்கும் வேலையை வார நடுவிலேயே ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்வரிசையை மூத்தவர்களுக்கே கொடுத்துவிடுவது

இதுதான் பெரிய தவறு. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் பார்ப்பதற்கு இது நியாயமாகவே தெரியும்.

நான்காம் ஆண்டு மாணவர்கள் மூன்று குளிர்காலம் நின்றிருக்கிறார்கள். பனியில் வரிசையில் காத்திருந்து டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தடுப்பை ஒட்டிய வரிசை அவர்களுக்குத்தான் என்று யாரும் ஒத்துக்கொள்வார்கள். நான் இருந்த கூட்டத்தில் இதை எழுதப்படாத சட்டமாகவே வைத்திருந்தார்கள். கீழே முன்வரிசைகள் கடைசி ஆண்டுக்காரர்களுக்கு, அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் ஆண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மேலே, மூலையில், தூணுக்குப் பக்கத்தில்.

மேலே நிற்பவருக்கு என்ன கேட்கும்? முன்வரிசையில் கத்துகிறவர்கள் களத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள், குரல் முன்னால் போகிறது. பின்னால் இருப்பவருக்குத் தொடக்கம் கேட்காது. எல்லோரும் சேர்ந்த பிறகு வரும் இரைச்சல்தான் கேட்கும். அவரும் இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்வார். அவருக்குக் கோஷம் தெரியும் என்று அவரும் நினைப்பார், நாமும் நினைப்போம். யார் தொடங்கினார், எதைப் பார்த்துத் தொடங்கினார், கடிகாரத்தையா, நடுவரின் கையையா, விதி மீறிய வீரர் போய் உட்காரும் தண்டனைப் பெட்டியின் கதவையா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஒரு மே மாதம் முன்வரிசை மொத்தமாகப் பட்டம் வாங்கிப் போய்விட்டது. அக்டோபரில் சீசன் தொடங்கியது. அரங்கம் நிறைந்திருந்தது, ஆர்வத்துக்கும் குறைவில்லை. எதிரணி வீரர் ஒருவர் இரண்டு நிமிடத் தண்டனைக்கு வெளியே போனார். அந்த நேரத்தில் எங்களிடம் ஒரு பழைய கோஷம் இருந்தது. ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் பதில் சொல்லும், பெட்டிக் கதவு சாத்தும் நொடியில் முடியும். அன்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடுவிலிருந்து ஒருவர் தொடங்கினார், அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. பதில் சொல்ல வேண்டிய பக்கமும் சேர்ந்து கேள்வியையே கத்தியது. அடுத்த சில ஆட்டங்களில் முயன்றார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அந்தக் கோஷம் இன்று அந்த அரங்கில் இல்லை. அதைக் கற்றுத்தர வேண்டியவர்கள் வேலை கிடைத்து வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு மருந்து என்று அடுத்த ஆண்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். எல்லாக் கோஷங்களும் வரிசையாக எழுதியிருந்தன. பிள்ளைகள் குனிந்து தாளைப் படித்தார்கள், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வார்த்தை மறக்காமலிருக்க உதவும். ஆனால் முன்வரிசையில் ஒரு வருடம் நின்றவருக்குத் தெரிவதை எந்தத் தாளிலும் எழுத முடியாது.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்கள் முழுக்க மாறிவிடும் கூட்டம் இது. அதில் நடுவே ஒரு சீசன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று 2020 காட்டிவிட்டது. அந்த மார்ச்சில் கொரோனாவால் சீசன் பாதியில் நின்றது. கார்னெல் ஆண்கள் அணி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த நேரம் அது. அடுத்த 2020-21 சீசனில் கார்னெலும் சேர்ந்த ஐவி லீக் கூட்டமைப்பின் கல்லூரிகள் ஆடவே இல்லை. 2021 இலையுதிர் காலத்தில் கதவு திறந்தபோது, முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மாணவர் பகுதியில் ஒருமுறைகூட நின்றதில்லை. மூன்றாம் ஆண்டுக்காரர்களிடம் தங்கள் முதல் வருட நினைவு மட்டும்தான். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அப்படி ஒரு இடைவெளியைத் தாண்ட உதவுகிறவர்கள், அதற்கு முன் முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள்தான். அவர்களைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் கையில் என்ன மிஞ்சும்?

செய்ய வேண்டியது இதுதான். முன்வரிசையில் பாதி இடம் முதலாம், இரண்டாம் ஆண்டுக்கு. தொடங்கிவைக்கும் ஒவ்வொருவரும் பக்கத்தில் ஒரு புதியவரை நிறுத்திக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரியில் ஆட்டங்கள் தொடங்கும்போது, இரண்டாம் பகுதி முழுவதையும் புதியவர்களிடம் விட்டுவிடுங்கள். தடுமாறுவார்கள், விட்டுவிடுங்கள். மூத்தவர்கள் மூன்றாவது வரிசையில் நின்றால் போதும். அங்கிருந்து தொடங்கினால் முன்னால் இருப்பவருக்கும் கேட்கும், பின்னால் இருப்பவருக்கும் கேட்கும்.

அப்புறம், பிஎச்.டி. மாணவர்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இளங்கலைப் பிள்ளைகள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள், ஆய்வு மாணவர் ஐந்தாறு வருடம் அதே ஊரில் இருப்பார். நம்மூரிலிருந்து ஆய்வுக்குப் போகிறவர்கள் பலர், ‘இது இவர்கள் விளையாட்டு’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதீர்கள். இரண்டு தலைமுறை மாணவர்களை இணைக்கக்கூடிய ஆள் நீங்கள்தான். கூட்டத்தை நடத்துகிறவர்களும் போய் அவர்களைக் கூப்பிடுங்கள்.

எதை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் வீசுவது

ஹார்வர்டு அணி லைனா ரிங்குக்கு வந்தால் கார்னெல் மாணவர்கள் களத்தில் மீன் வீசுவார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு தரப்பு, கார்னெலின் விவசாயக் கல்லூரியைக் கிண்டல் செய்து கோழியைக் களத்துக்குக் கொண்டுவந்ததாகவும், பாஸ்டன் பக்கத்து மீன்பிடித் தொழிலைக் குத்திக்காட்டும் பதிலடிதான் மீன் என்றும் கதை வழிவழியாக வருகிறது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் சொந்த அணி முதல் கோல் போட்டதும் ஒரு மீனைக் களத்தில் வீசுவது பழைய வழக்கம். டார்ட்மத்தில் பிரின்ஸ்டன் ஆட்டத்தன்று டென்னிஸ் பந்துகள்.

இதைக் கேட்டுவிட்டுப் புதியவர்கள் பையில் எதையாவது போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு களத்தில் பொருள் விழுந்தால், ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக நடுவர் சொந்த அணிக்கே இரண்டு நிமிடத் தண்டனை கொடுக்கலாம். உங்கள் கைவேலையால் உங்கள் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். எதிரணி களத்துக்கு வரும்போது, ஆட்டம் தொடங்கும் முன் வீசி முடிப்பவர்கள் அதனால்தான் பிழைக்கிறார்கள். களத்தைச் சுத்தம் செய்யும் ஊழியர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் பக்கம் இருந்தால்தான் இந்தப் பழக்கம் அடுத்த வருடமும் நடக்கும்.

வசவை நீட்டிக்கொண்டே போவது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் அரங்கில் தண்டனை வாங்கிய எதிரணி வீரரை வழியனுப்பும் கோஷத்தில் கெட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பட்டியலே நீண்டுபோனது. நிறுத்துங்கள் என்று நிர்வாகம் கேட்கும் நிலை வந்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு வார்த்தை சேர்ப்பது சுலபம், எடுப்பது மிகக் கஷ்டம். குழந்தையோடு வரும் குடும்பங்கள் முதலில் புகார் செய்யும், பிறகு வராது, அதன்பின் உங்கள் இடத்தைப் பிரித்து வேறு மூலைக்கு மாற்றுவார்கள். வீரரின் இனம், நாடு, குடும்பம் மூன்றையும் தொடவே கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

பேண்டோடு போட்டி போடுவது

போடாதீர்கள். அரங்கில் வாசிக்கும் கல்லூரி பேண்ட், நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகுதான் வாசிக்கலாம், நீங்களும் அந்த இடைவெளியைத்தான் நம்பியிருக்கிறீர்கள். ஆட்டத்துக்கு முன் பேண்டுத் தலைவரோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து எது யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் டெக்கில் இரண்டாவது இடைவேளையில் பேண்ட் வால்ட்ஸ் வாசிக்கும்போது அரங்கமே கைகோத்து ஆடும். ரசிகர்களும் பேண்டும் ஒத்துப்போனால் அதுதான் கிடைக்கும். இரண்டு பேரும் சண்டை போட்டால் அந்த இடத்தில் ஒலிபெருக்கிப் பாட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு ராத்திரியை நம்புவது

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ரென்சலேர் கல்லூரி 1978 முதல் ஆண்டுக்கு ஒரு ஆட்டத்தைப் பெரும் கொண்டாட்டமாக நடத்துகிறது. அருமையான வழக்கம். ஆனால் அதைப் பார்த்து நாமும் ஒருநாள் டி-ஷர்ட் கொடுத்தால் கூட்டம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நவம்பர் மாதத்துச் சாதாரண வெள்ளிக்கிழமையைக் கைவிடுகிறார்கள். கோஷம் பழகுவது அந்த வெள்ளிக்கிழமையில்தான்.

பழையது எல்லாம் காக்க வேண்டியது என்று நினைப்பது

வட டகோட்டா பல்கலைக்கழகம் ஒரு பூர்வகுடி மக்களின் பெயரை அணிப் பெயராக வைத்திருந்தது. பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, 2012-இல் மாநில மக்களின் வாக்கெடுப்பை அடுத்து அதைக் கைவிட்டது. 2015-இல் புதுப் பெயர் வந்தது. அதன் பிறகும் தேசிய கீதத்தின் கடைசி வரியில் பழைய பெயரைக் கத்துகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அது பற்று என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தங்கள் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்த மக்களில் பலர் கேட்டுக்கொண்ட பிறகும் தொடர்வது அவர்களை வெளியே நிறுத்துவது. அரங்கில் எல்லோரும் நிற்கலாம் என்றால்தான் மாணவர் பகுதிக்கே பொருள் உண்டு. அப்படி ஒன்றை விட்டுவிடுவதால் கூட்டம் செத்துப்போகாது.

அரங்கம் மாறினால் பழக்கமும் கூடவே வரும் என்று நம்புவது

வராது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2005-இல் வால்டர் பிரவுன் அரங்கிலிருந்து பெரிய அகானிஸ் அரங்குக்குப் போனது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம், 1910-இல் திறந்த மேத்யூஸ் அரங்கை விட வேண்டி வந்தது. தாழ்ந்த கூரையில் பத்துப் பேர் எழுப்பிய சத்தத்துக்குப் புது இடத்தில் ஐம்பது பேர் தேவைப்படலாம். திறப்பதற்கு முன்பே, வரைபடம் தயாராகும்போதே, மாணவர் இடம் எங்கே என்று கேளுங்கள். பென் ஸ்டேட் 2013-இல் பெகுலா அரங்கைத் திறந்தபோது ஒரு கோலுக்குப் பின்னால் செங்குத்தான மாணவர் ஸ்டாண்டைத் திட்டமிட்டே கட்டியது. முன்னால் இருப்பவர் தலை மறைக்காது, சத்தமும் களத்தின் மேலேயே விழும்.

அடுத்த கல்லூரியின் கோஷத்தைத் தூக்கிக்கொண்டு வருவது

அவர்கள் வந்து ஆடும் நாளில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடுவது

விஸ்கான்சின் பெண்கள் அணி 2025 வரை 8 முறை தேசியக் கோப்பையை வென்றிருக்கிறது. அவர்களுக்கென்றே 2012-இல் லபான் அரங்கம் திறந்தது. 2017-இல் பெரிய அரங்குக்கு மாற்றி நடத்திய ஓர் ஆட்டத்துக்கு 15,359 பேர் வந்தார்கள். பெண்கள் ஆட்டம் என்றால் காலி இருக்கைதான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல கல்லூரிகளில் மாணவர்களுக்கு நுழைவு இலவசம், முன்வரிசையும் சுலபமாகக் கிடைக்கும். உங்கள் புதியவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டத்தைத் தரத்தோடு ஆடுகிறவர்களுக்கு அவர்களுக்குரிய ஆதரவு கிடைக்கும். கோல்களை எண்ணத் தொடங்குவது எப்போது, நிறுத்துவது எப்போது என்று பிள்ளைகள் அவர்கள் முன்னால் நின்று பழகிக்கொள்ளலாம். இந்த வாரம் எந்த ஊர் அணி வருகிறது என்று பார்த்துவிட்டு, நான்கைந்து முதலாம் ஆண்டுக்காரர்களுக்குச் செய்தி அனுப்புங்கள்.