நாரி நோவும் ட்ரமடோலும்: கிளினிக்கில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ஓபியொயிட் (அபின் வகை நோ மருந்து) என்றால் மோர்பினும் புற்றுநோயும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நாரி நோவுக்கு எழுதப்படும் ட்ரமடோலும், பனடோலோடு சேர்ந்து வரும் கோடினும் அதே குடும்பம்தான். 'பனடோலைவிடக் கொஞ்சம் பெரிய நோக்குளிசை' என்று நினைத்துக் கையாள்வதில் தொடங்குகிறது வில்லங்கம்.

என்னைக் கேட்டால், முதல் நாள் எழுதுவதைவிடப் பெரிய பிழை கிளினிக் கொப்பியில் விழும் 'அதே மருந்து' என்ற வரி. ஐந்து நாளுக்கென்று தொடங்கியது மாதமாகி, வருடமாகிவிடும். காலையில் வாசல்வரை சனம் நிற்கும்போது டொக்டரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் மூன்று கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும். போன கிழமை நோ பத்துக்கு எவ்வளவு? சந்தோஷமாக இருப்பதை அது எவ்வளவு கெடுத்தது? அன்றாட வேலையை எவ்வளவு மறித்தது? கிணற்றில் தண்ணீர் அள்ள முடிகிறதா, கோயிலுக்கு நடக்க முடிகிறதா என்று கேட்டால் பதில் இன்னும் நேராக வரும். மருந்து தொடங்கும்போது இருந்ததிலிருந்து இந்தப் புள்ளிகள் 30 வீதமாவது இறங்கவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை. அளவைக் கூட்டுவது அதற்குப் பதிலல்ல.

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் 240 பேரை ஓராண்டு கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் நாட்பட்ட முதுகு நோ, அல்லது முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு. ஓபியொயிட் எடுத்தவர்கள், ஓபியொயிட் அல்லாத நோ மருந்து எடுத்தவர்களைவிட நன்றாக இயங்கவில்லை, பக்கவிளைவுதான் கூட.

அடுத்தது கலப்பு. காலையில் அரச கிளினிக், பின்னேரம் தனியார் டொக்டர், இடையில் பாமசி. ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசையோ சாராயமோ ட்ரமடோலோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். புளுஒக்ஸெற்றீன், அமிற்ரிப்டிலீன் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சேர்ந்தால் வலிப்பு வரும் ஆபத்தும் கூடும். வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பை கொப்பியில் இல்லாததையும் சொல்லும். ட்ரமடோலின் நாளாந்த உச்சம் 400 மி.கி. 75 வயது தாண்டியவருக்கு 300. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்கு 200, அதுவும் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான்.

செல்லடிபட்ட காலில் எரிவு, விறைப்பு, கரண்ட் அடிப்பதுபோல் நோ என்று வருபவர்களும் இங்கே குறைவில்லை. அது நரம்பு நோ. ஓபியொயிட்டுக்கு முன் சிறிய அளவு அமிற்ரிப்டிலீனோ கபபென்ரினோ பார்க்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் கேட்டுப் பயந்து ஒரே நாளில் நிறுத்துவதும் பிழைதான். வியர்வை, பதகளிப்பு, நித்திரையின்மை என்று ஆள் துடித்துப்போவார். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு மாதம் 10 வீதமளவில் குறைப்பதே தாங்கக்கூடிய வேகம்.

புற்றுநோய் நோவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவருக்கு மோர்பின் எழுதியிருந்தால், 'பழகிப்போகும்' என்று அதை ஒளித்து வைக்காதீர்கள். குறித்த நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.