மேக்க போறீங்களா, கெழக்க போறீங்களா? பாத்து சைக்கிள் வாங்குங்க

வேலைக்கு சைக்கிள்லயே போலாம்னு முடிவு பண்ணி கடைக்குப் போனா மொதல்ல கண்ணுல படறது தடி டயரு, முன்னாடி சாக் அப்சார்பரு, 21 கியருன்னு ஸ்டிக்கரு. நானும் அதத்தான் வாங்குனேனுங்க. கோயமுத்தூர்ல ஒண்டிப்புதூர்ல இருந்து ஹோப்ஸ் காலேஜ் பக்கம் வரைக்கும், ஏழு கிலோமீட்டர் சொச்சம். மாசி பங்குனில ஒண்ணும் தெரியல, ஆனி பொறந்ததும் எதிர்காத்துல முக்கி முக்கி மிதிச்சு, சட்டை நனஞ்சு போய் ஆபீஸ்ல உக்காந்தப்பத்தான் தப்பு புரிஞ்சுது.

நம்ம பக்கம் மொதல்ல காத்தப் பாக்கோணும். பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டர் கிட்ட அகலம், தென்மேற்குப் பருவக்காத்து அதுக்குள்ள பூந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு வீசிட்டுப் போகுது, அத நம்பித்தான் அத்தன காத்தாலை நட்டு வெச்சிருக்காங்க. காலைல மேக்க போயி சாயந்தரம் கெழக்க திரும்பறவங்களுக்கு எதிர்காத்து காலைலயே, கெழக்க வேலைக்குப் போறவங்களுக்கு அலுத்துப் போய் வீடு திரும்பறப்ப. காத்தோட தடை இருக்குது பாருங்க, வேகம் ரெண்டு மடங்கானா அது நாலு மடங்காகும். அதனால ரொம்ப நிமிந்து உக்காராம கொஞ்சம் முன்னால சாயற மாதிரி ஹேண்டில்பார் இருக்கறதா பாருங்க, நிமிந்தா ஒடம்பே பாய்மரம் ஆயிடும். ரேஸ் சைக்கிள் மாதிரி குனியவும் வேண்டாம், டிராபிக்ல தல நிமிர முடியாது.

தார் ரோட்டுல போறவங்களுக்கு ஹைபிரிட்னு சொல்றாங்களே, ரேஸ் சைக்கிளுக்கும் தடி டயர் சைக்கிளுக்கும் நடுவாந்தரமா, அதுக்குத்தான் என் ஓட்டு. 700சிங்கற பெரிய சைஸ் வீலு, டயர் அகலம் 35ல இருந்து 40 மில்லிமீட்டர், முன் வீல புடிச்சிருக்கற ஃபோர்க்கு சாக் அப்சார்பர் இல்லாததா இருக்கோணும். வெல கம்மி வண்டில வர்ற சாக் அப்சார்பர் எடைய கூட்டும், எந்திரிச்சு மிதிச்சா பலத்துல கொஞ்சத்த அதே குடிச்சிரும். ஆனா தோட்டத்துல இருந்து இட்டேரி வழியா, அதான் ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண் தடத்துல, வர்றவங்க நான் சொல்றதக் கேக்காதீங்க, மணலுக்கும் வேலாமுள்ளுக்கும் தடி டயர்தான் தோது.

கியரு? ஏழு போதுமுங்க. 21ல பாதி ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட அதேதான், முன்னாடி மூணு பல்சக்கரம் வெச்சா ரிப்பேர்தான் கூடும். மூணு கிலோமீட்டருக்குள்ளன்னா அப்பாரு காலத்து கருப்பு சைக்கிளே போதும், எந்த முக்குலயும் சரி பண்ணிக்கலாம். புது வண்டில டயருக்கு காத்தடிக்கற வால்வ பாத்து வாங்குங்க, மெல்லிசா பிரெஸ்டா வால்வு இருந்தா பஞ்சர் கடை பம்பு சேராது, ஒரு அடாப்டர் வாங்கி பைல போட்டு வெச்சுக்கோங்க. பிரேக்குக்கு சாதா ரப்பர் கட்டையே போதும், மழைலயும் விடாம ஓட்டறவங்க டிஸ்க் வாங்கிக்கலாம்.

சைஸ் விசயத்துல கடைக்காரர் சொல்றத மட்டும் கேக்காதீங்க. வண்டிக்கு ரெண்டு பக்கமும் கால ஊணி நின்னா மேல் பாருக்கும் ஒடம்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரக்கடை எடம் இருக்கோணும். சீட்டுல உக்காந்து குதிகால பெடல்ல வெச்சா, பெடல் கீழ இருக்கறப்ப கால் நேரா நீளோணும். இது தப்பாப் போனா முட்டி வலி நிச்சயம். சேலை, வேட்டி கட்டறவங்க மேல் பார் தாழ்வா இருக்கற ஃபிரேமும் செயின் கவரும் கேளுங்க.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, லைட்டு எல்லாம் தனிக் காசும்பாங்க, அதையும் சேத்து பட்ஜெட் போடுங்க. கேரியர் மாட்ட ஃபிரேம்ல ஓட்டை இருக்குதான்னு முன்னாடியே பாத்துருங்க, நான் பாக்கல, ஒரு வருசம் சோத்துப்போசிய ஹேண்டில்பார்லயே தொங்க விட்டுட்டு ரசத்த பேண்ட்டுல ஊத்திட்டுத் திரிஞ்சேன். அந்த தடி டயர் வண்டி இப்ப சுல்தான்பேட்டைல மச்சான் தோட்டத்துல ஓடுது, அங்க நல்லாத்தான் இருக்குது.