மூளைக்கு பெப்டைடு வாங்குவதற்கு முன்னால் அதன் ஆராய்ச்சியை எப்படிப் படிப்பது

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாதம் ஆனபோது, ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிற என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினான். மூக்கில் விடுகிற மருந்து, பெயர் செமாக்ஸ், ரஷ்யாவில் கண்டுபிடித்தது, செயற்கை பெப்டைடு, பட்டுப்போன நரம்பைத் திரும்ப வளர்க்கும் என்று போட்டிருந்தது. "அக்கா, ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க, கீழே பாரு" என்று ஒரு குரல் செய்தி வேறு. கீழே பார்த்தேன், பதினொரு ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பு வரிசையாக இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் அப்பா சட்டையின் மூன்றாவது பித்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டி, முடியாமல், இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு பதினொரு கட்டுரையையும் படிக்கப் பொறுமை இல்லை. பணத்தைக் கட்டிவிட்டேன்.

பார்சல் டர்பனில் நாங்கள் இருக்கிற சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்த ஐஸ் பை முழுக்க உருகி வெதுவெதுப்பாக இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் உப்புப் பொரிந்த மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள். லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் பொடி எழுத்தில் 'ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், இரண்டு வாரம், ராத்திரி ராத்திரியாக. நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். வரவு செலவைச் சரிபார்க்கிற கண்ணோடு படித்தால் இந்தக் கட்டுரைகளில் முக்கால்வாசி நமக்கும் புரியும், அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு நம் பக்கம் எங்கே இருக்கிறது, டர்பனில் உங்கள் வீட்டுக்கும் இந்த மாதிரி ஒரு லிங்க் வரத்தான் போகிறது.

முதலில் பெப்டைடு என்றால் என்ன என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான மாலை என்றால், பெப்டைடு அதே மணிகளில் கோத்த சின்னத் துண்டு. செமாக்ஸில் ஏழே மணி. நம் உடம்பில் இயற்கையாக இருக்கிற ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனிலிருந்து நாலு மணிகளை எடுத்து, சீக்கிரம் சிதையாமல் இருப்பதற்காக வாலில் மூன்று மணிகளைச் சேர்த்து, 1980களில் மாஸ்கோவின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் செய்தார்கள். பெப்டைடை வாய் வழியாக விழுங்கினால் வயிறு அதைச் சோற்றில் இருக்கிற புரதம் மாதிரியே செரித்துவிடும், அதனால்தான் மூக்கு வழியாகவோ ஊசியாகவோ கொடுக்கிறார்கள். ரத்தத்தில் போனாலும் பல பெப்டைடுகள் சில நிமிடங்களில் உடைந்துவிடும், அதையும் தாண்டி ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பைக் கடக்க வேண்டும். ஆகவே எந்தக் கட்டுரையை எடுத்தாலும் 'எந்த வழியாகக் கொடுத்தார்கள்' என்று பாருங்கள். ஊசியில் கிடைத்த பலனைக் காட்டி மாத்திரை விற்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். இதே பேச்சில் செரிப்ரோலைசின் என்றும் ஒன்று வரும். அது ஆய்வகத்தில் கோத்த பெப்டைடு இல்லை, பன்றி மூளையின் புரதத்தைச் சிதைத்து எடுக்கிற கலவை. பன்றி சேர்க்காத வீடுகள் நம்மில் நிறைய, தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும் என்று சொல்கிறேன். காக்ரேன் என்ற அமைப்பு உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும். திடீர் ஸ்ட்ரோக்கில் இந்தக் கலவையால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை, உயிர் போகாத அளவுக்கான தீவிர பக்கவிளைவுகள் கூடியிருக்கலாம் என்றே அவர்கள் எழுதியிருக்கிறார்கள். செரிப்ரோலைசின் ஆய்வைக் காட்டி செமாக்ஸை விற்பதும், செமாக்ஸ் ஆய்வைக் காட்டி செரிப்ரோலைசினை விற்பதும் நடக்கிறது.

சரி, கட்டுரைக்குள் வருவோம். தலைப்பை அப்படியே மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் போட்டுத் தேடினால் சுருக்கம் இலவசமாக வரும், அதுவே பெரும்பாலும் போதும். யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். தம்பி அனுப்பியதில் பாதிக்கு மேல் எலி. உதாரணத்துக்கு 2006இல் வந்த ஒரு ஆய்வு, எலியின் மூக்கில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் செமாக்ஸ் விட்டார்கள், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் பி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம் 1.4 மடங்கு ஆனது. ஆய்வு உண்மைதான், நல்ல இடத்தில் செய்ததுதான். ஆனால் அதில் ஸ்ட்ரோக் வந்த அப்பா யாரும் இல்லை. எலியின் அளவை நம் எடையால் பெருக்கிப் பார்க்கிற தப்பையும் செய்யாதீர்கள், எலியின் உடம்பு மருந்தை நம்மைவிட வேகமாகச் செலவழிக்கும். ஆய்வாளர்கள் மனிதனுக்கு மாற்றும்போது எலியின் கிலோ கணக்கை ஏறத்தாழ ஆறால் வகுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், அதுகூட பாதுகாப்பான சோதனையைத் திட்டமிடுவதற்கு, வீட்டில் கலந்து விடுவதற்கு அல்ல.

அடுத்தது, எதை அளந்தார்கள். நாம் ஏமாறுகிற இடம் இதுதான், நானும் இங்கேதான் விழுந்தேன். பி.டி.என்.எஃப். ஏறியது என்று படித்தவுடன் என் மனது 'விரல் அசையும்' என்று மொழிபெயர்த்துக்கொண்டது. ரத்தத்தில், ஸ்கேனில், செல்லில் தெரிகிற மாற்றம் வேறு, பித்தான் போட முடிவது வேறு. 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஓராண்டு நடக்க வைத்தார்கள், மீதிப் பேருக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி. நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெரிதானது, மற்றவர்களுக்குச் சுருங்கியது. அவ்வளவு அழகான முடிவு வந்தும் ஞாபகத் தேர்வில் இரண்டு கூட்டமுமே முன்னேறியிருந்தன, நடந்தவர்கள் பெரிதாக முந்திவிடவில்லை. ஸ்கேனுக்கே இந்தக் கதி என்றால் எலி மூளையில் அளந்த ஒரு புரதத்தை வைத்து என்ன சொல்ல முடியும்.

ஸ்ட்ரோக் ஆய்வுகளில் நீங்கள் தேட வேண்டிய அளவுகோல் ரேங்கின் அளவை. பூச்சியத்திலிருந்து ஆறு வரை போகும், பூச்சியம் என்றால் ஒரு குறையும் இல்லை, ஆறு என்றால் மரணம். பூச்சியம், ஒன்று, இரண்டு வாங்கினவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், அதாவது குளிக்க, சாப்பிட, எங்கள் ஊர் பாங்களாதேஷ் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய்க் காய் வாங்கி மிச்சத்தைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டு வர. கட்டுரையில் இது அளக்கப்பட்டிருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால், எழுதினவர்கள் வேறு எதையோ கேட்டிருக்கிறார்கள், உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பழக வேண்டுமானால் நெரினெடைடு என்ற பெப்டைடின் கதையைப் படியுங்கள். மூளைக்கான செயற்கை பெப்டைடுகளில் இவ்வளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது குறைவு, நான் பாடம் கற்றதும் அதில்தான். இருபது மணி மாலை, கனடாவின் டொரான்டோவில் உருவானது. ரத்தம் நின்றுபோன மூளைச் செல்லுக்குள் சாவுச் செய்தி கடத்துகிற ஒரு இணைப்பை அறுத்துவிடுவதுதான் அதன் வேலை. எலியில் பலித்தது. 2012இல் குரங்கிலும் பலித்தது, அதன் மூளை நம்முடையதற்கு எவ்வளவோ நெருக்கம். அதே ஆண்டு 185 மனிதர்கள், மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை செய்யும்போது கொடுத்தார்கள், எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் சேதத்தின் மொத்தக் கன அளவு தெளிவாகக் குறையவில்லை. இந்த இடத்தில் நின்று யாராவது உங்களுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தால் 'எலி, குரங்கு, மனிதன் மூன்றிலும் நிரூபணம்' என்றுதான் தலைப்பு இருந்திருக்கும்.

அப்புறம் பெரிய சோதனை. 8 நாடுகள், 48 மருத்துவமனைகள், 1105 நோயாளிகள், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மருந்து (பார்க்க அதே மாதிரி, உள்ளே மருந்து இல்லாதது) என்பது குலுக்கலில், கொடுத்த டாக்டருக்கே தெரியாது. 2020இல் முடிவு வந்தது. 90 நாள் கழித்துத் தன் வேலையைத் தானே பார்க்கிறவர்கள், மருந்து பெற்றவர்களில் 61.4 சதவீதம், வெற்று மருந்தில் 59.2. நூற்றுக்கு இரண்டு பேர் வித்தியாசம், குலுக்கலின் அதிர்ஷ்டத்திலேயே வரக்கூடியது. தோல்வி. ஆனால் கூட்டத்தைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஆல்டிபிளேஸ் ஊசி போடாதவர்களை மட்டும் எடுத்தால் 59.3க்கு 49.8. அதற்குக் காரணமும் இருந்தது, அந்த ஊசி தட்டி எழுப்புகிற நொதி இந்த பெப்டைடையும் வெட்டிவிடும். படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது, காரணம் பொருந்துகிறது, எண் பொருந்துகிறது, வேறென்ன வேண்டும்.

நல்ல வேளையாக அவர்கள் அதோடு விற்கப் போகவில்லை. ஆல்டிபிளேஸ் போடாத 850 பேரை மட்டும் சேர்த்து, அந்த ஒரே கேள்விக்காகத் திரும்பச் சோதித்தார்கள். முடிவு 45 சதவீதம், வெற்று மருந்தில் 46.

இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை 'மொத்தத்தில் பலன் இல்லை, ஆனால் இந்த வயதுக்காரர்களுக்கு, இந்தப் பிரிவினருக்கு நல்ல பலன்' என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்தப் பிரிவை மட்டும் வைத்துத் திரும்பச் சோதித்தார்களா என்று கேளுங்கள். டாவுனெடைடு என்று எட்டு மணி பெப்டைடு ஒன்று, மூக்கில் விடுவதுதான், பி.எஸ்.பி. என்கிற கொடிய மூளை நோய் உள்ள 313 பேரில் சோதித்து பலனில்லை என்று 2014இல் வெளியானது. 2023இல் பழைய கணக்கைத் திரும்பப் பிரித்து, பெண்களுக்குப் பலன் இருந்தது என்று ஒரு கட்டுரை வந்தது, எழுதியவர்களில் அதைக் கண்டுபிடித்த பேராசிரியரும் இருக்கிறார். பொய் என்று நான் சொல்லவில்லை. 850 பேர் சோதனை மாதிரி ஒன்று நடக்கும்வரை அது ஒரு கேள்வி மட்டும்தான்.

செமாக்ஸுக்குத் திரும்பினால், ரஷ்யாவில் அது 2011இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டது, ஸ்ட்ரோக்குக்கு அங்கே கொடுக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் நான் பார்த்த மனிதச் சோதனைகள் பெரும்பாலும் சின்னவை, ரஷ்ய மொழியில், மருந்தை உருவாக்கின வட்டத்திலிருந்தே வந்தவை. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கடைக்காரரே தன் கணக்கைத் தணிக்கை செய்தால் அவர் நேர்மையானவராக இருந்தாலும் நாம் கையெழுத்துப் போட மாட்டோம். எழுதியவர்களின் பெயருக்குக் கீழே எந்த நிறுவனம் என்று இருக்கும், கடைசிப் பகுதியில் யார் பணம் கொடுத்தார்கள் என்று இருக்கும். அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்களா என்று பாருங்கள், பதினொரு கட்டுரை உண்மையில் ஒரே ஒரு குரலாக இருக்கலாம்.

கட்டுரை நன்றாகவே இருந்தாலும் கையில் இருக்கிற குப்பி வேறு விஷயம். விற்கிறவர்கள் 99 சதவீதம் சுத்தம் என்று ஒரு சான்றிதழ் காட்டுவார்கள். தூளில் இருக்கிற பெப்டைடில் எவ்வளவு பங்கு சொன்ன பெப்டைடு என்பதைத்தான் அது சொல்லும். கிருமி இருக்கிறதா, கிருமி விட்டுப்போன நச்சு இருக்கிறதா, வழியில் வெயிலில் கெட்டுப்போனதா என்பது அதில் வராது.

நம் தென்னாப்பிரிக்காவில் ஒரு மருந்து பதிவானதா என்று மருந்துகளைக் கட்டுப்படுத்துகிற அரசு அமைப்பான சாப்ராவின் தளத்தில் தேடிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. பதிவாகாத மருந்து ஒரு நோயாளிக்குத் தேவை என்று டாக்டர் நினைத்தால் 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அந்த நோயாளிக்காக அவரே விண்ணப்பிக்கலாம். அதுதான் நேர்வழி. டாக்டரிடம் போகும்போது 'இது நல்லதா டாக்டர்' என்று கேட்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் அதற்குப் பதில் வராது. கட்டுரைச் சுருக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, அப்பாவுக்கு வந்தது கட்டி அடைத்ததா ரத்தம் கசிந்ததா, அவர் வயதுக்காரர்கள் இந்தச் சோதனையில் இருக்கிறார்களா, இப்போது சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையோடும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையோடும் இது மோதுமா, 21ஆம் பிரிவில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று கவனியுங்கள்.

எங்கள் டாக்டர் யோசிக்கவே இல்லை, மாட்டேன் என்றார். பிசியோதெரபி பயிற்சியை வாரத்துக்கு இரண்டு தடவையிலிருந்து மூன்றாக எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார், புதிதாக வாய் கோணினாலோ கை விழுந்தாலோ எந்தச் சொட்டு மருந்தையும் தேடாமல் 10177 ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடியுங்கள், கட்டி கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு என்று. அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

குப்பியைக் குப்பையில் போடாதீர்கள், கழிப்பறையில் கொட்டவும் வேண்டாம். நான் ஒரு பார்மசியில் கொடுத்தேன், கவுன்டரில் இருந்த பெண் லேபிளைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காலாவதி மருந்துப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். தம்பியிடம் கோபப்படவில்லை, அவனும் பெரியப்பா மேல் இருக்கிற பாசத்தில்தான் அனுப்பினான். பதினொரு கட்டுரையையும் பக்கத்தில் 'எலி', 'செல்', 'மனிதர், எத்தனை பேர்' என்று எழுதி அவனுக்கே திருப்பி அனுப்பினேன், அதற்கு ஒரு மாலைப் பொழுதுதான் ஆனது.