சிக்னல் இல்லாத பாடசாலைக்குத் திறந்த கற்றல் வளங்களைக் கொண்டுவருவது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை நான். எங்கள் பாடசாலையின் கணினி அறையும் என் பொறுப்பில் இருக்கிறது. முற்றத்தில் கிடைக்கும் சிக்னல் வகுப்பறைக்குள் வந்ததும் போய்விடும். டேட்டாவுக்குப் பணம் போடப் பல பெற்றோருக்கு வசதியில்லை. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் நல்ல டிஜிட்டல் வளங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒருமுறை இறக்கிப் பாடசாலைக்குள்ளேயே வைத்துக்கொள்ள அனுமதிக்கும் வளங்களைத் தேர்ந்தெடுத்ததுதான் இதற்குக் காரணம். வவுணதீவிலோ திருக்கோவிலிலோ இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியருக்காக வழியை எழுதுகிறேன்.

முதலில் ஒரேயொரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். கணினி எத்தனை, டேப் எத்தனை என்று கணக்கெடுப்பதில் தொடங்கும் திட்டங்கள் அந்தக் கணக்கோடே நின்றுவிடுகின்றன. ஆண்டுதோறும் பிள்ளைகள் தடுமாறும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள். எனக்கு அது தரம் 10 விஞ்ஞானத்தில் வரும் நியூட்டனின் விதிகளும் உராய்வும். தள்ளுவதை நிறுத்தினால் பொருள் நின்றுவிடும் என்பதே பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை. மணல் ஒழுங்கையில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளை வேறெப்படி நினைக்கும்? உராய்வே இல்லாத தரையை என்னால் வகுப்பில் காட்ட முடியாது. ஆனால் ஃபெட் ஒப்புருவாக்கத்தில், அதாவது பரிசோதனையைக் கணினித் திரையில் செய்துபார்க்கும் மாதிரியில், காட்ட முடியும்.

ஃபெட் என்பது நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். அதன் விசையும் இயக்கமும் பற்றிய ஒப்புருவாக்கத்தில் ஒரு பெட்டியைத் தள்ளலாம். உராய்வைத் திரையில் இழுக்கும் ஒரு வழுக்கியால் (ஸ்லைடர்) கூட்டலாம், குறைக்கலாம், பூச்சியமாக்கலாம். இறக்கினால் ஒரே கோப்பாக வரும். பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் உலாவியில் திறக்கலாம், இணையம் தேவையில்லை. கணிதத்துக்கும் இரசாயனவியலுக்கும் இப்படிப் பல உண்டு. தமிழாக்கம் இல்லாதவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள்; திரையில் சொற்கள் மிகக் குறைவு, வாயால் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது உரிமம். இதில் அவசரம் கூடாது. இலவசம் என்பதும் திறந்தது என்பதும் ஒன்றல்ல. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களைத் தமிழில் இலவசமாக இறக்கலாம். ஆனால் அவற்றின் பதிப்புரிமை திணைக்களத்துக்கு உரியது. வாசிக்கக் கொடுங்கள், வெட்டி ஒட்டி உங்கள் பெயரில் நூலாக்காதீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் அப்படியே பயன்படுத்துவதற்கு மிக நல்லது. திறந்த வளம் என்றால் படியெடுக்கவும் மாற்றவும் மீண்டும் பகிரவும் ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி எழுதித் தந்திருப்பார். பெரும்பாலும் அது கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமமாக இருக்கும். அதில் நான்கு நிபந்தனைகளைத் தேடிப் பாருங்கள்: ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்; மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும்; வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது; மாற்றவே கூடாது. முதலாவது எல்லாவற்றிலும் வரும். வணிகத் தடை உள்ளதை அச்சடித்துத் தனியார் வகுப்பில் விற்பது தவறு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைசி நிபந்தனை இருந்தால் அந்த வளம் நமக்கு அரைப் பயன்தான், ஏனென்றால் நமக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

தமிழில் கிடைக்கும் விஞ்ஞான வளங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டது. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். நம் பாடநூல் கதி என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்பது அவர்களுக்குத் திசைவேகம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இந்தக் குழப்பத்துக்குப் புள்ளி போகும். ஆகவே வகுப்பில் காட்டுவதற்கு முன் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுத் திருத்துங்கள். திருத்த அனுமதி இல்லாத வளமென்றால், இரண்டு சொற்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். வலயத்தின் ஆசிரிய ஆலோசகரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

ஆரம்பப் பிரிவுக்கு ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம் போதும். அதை இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 இல் தொடங்கியது. தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. படத்தோடு அச்சடிக்கலாம், சொற்களை நம் ஊருக்கு ஏற்ப மாற்றலாம். வரலாறும் தமிழும் கற்பிப்பவர்கள் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். நம் மண்ணின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் நூலுக்கு நூல் உரிமை வேறுபடும்.

இனி இவற்றைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது. நகரத்தில் நல்ல இணைப்புள்ள ஒரு வீட்டில், இரவு நேர டேட்டாவில் இறக்குங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் ஒரே கோப்பாக எடுக்கலாம். படம் உள்ளது, படம் இல்லாதது என இரு வகை உண்டு. பழைய பென் டிரைவ்கள் ஃபேட் 32 அமைப்பில் இருக்கும். அவற்றில் 4 ஜிபிக்குக் கூடிய தனிக் கோப்பு ஏறாது. எக்ஸ்-ஃபேட் ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். மாற்றும்போது உள்ளிருப்பவை அழிந்துவிடும், முதலில் படியெடுத்து வைக்கவும்.

எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க நான் பயன்படுத்துவது கோலிப்ரி என்ற மென்பொருள். அதுவும் இலவசம், இணையமில்லாத பாடசாலைகளுக்கென்றே ஆக்கப்பட்டது. ஒரு மடிக்கணினியில் நிறுவி, சிம் எதுவும் போடாத சாதாரண ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். மற்றக் கணினிகளின் உலாவியில் அந்த மடிக்கணினியின் ஐ.பி. முகவரியையும் (வலையமைப்பில் அதற்குரிய எண்), ஒரு முக்காற்புள்ளியையும் (:), தொடர்ந்து 8080 என்ற எண்ணையும் இட்டால் உள்ளே போகலாம். முதல் தடவை விண்டோஸ் தீச்சுவர் (ஃபயர்வோல்) அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் மற்றக் கணினிகளில் எதுவும் திறக்காது. கணினி அறையிலேயே மிகப் பழைய இயந்திரத்தில் முதலில் சோதியுங்கள். விண்டோஸ் 7 இல் குரோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் சொந்தப் பாடத்தொகுப்பை, இணைப்புள்ள இடத்தில் கோலிப்ரி ஸ்டூடியோ தளத்தில் அமைத்து, மடிக்கணினியின் கோலிப்ரிக்குள் இறக்கிக்கொள்ளலாம். வினாத்தாள், வீடியோ, ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஏற்றலாம். ஃபெட் கோப்பின் பெயரை இன்டெக்ஸ் என்று மாற்றி, ஜிப் செய்து ஏற்ற வேண்டும். நம்மிடமுள்ள பழைய வினாத்தாள்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை அப்படியே ஏற்றினால் தேடலில் அகப்படாது, எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டே ஏற்றுங்கள். அலுப்பான வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் பிறகு வருகிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் உதவும்.

வகுப்பில் நான் செய்வது இதுதான். ஒப்புருவாக்கத்தைத் திறக்க முன், உராய்வு இல்லாத தரையில் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு இருவர் இருவராக ஒரு கணினியில் உட்கார்ந்து செய்து பார்ப்பார்கள். பெட்டி நிற்காமல் ஒரே கதியில் போய்க்கொண்டே இருக்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தை அடக்காதீர்கள். உராய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள். எந்த விசை வரை பெட்டி அசையவே மறுக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பத்து நிமிடம் கணினியை மூடிவிட்டு, எழுதியதற்கும் கண்டதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பேச வையுங்கள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக மட்டுமே நிற்கும்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் சித்திரையிலும் பின்னேரம் இடி மின்னல் நம் பக்கம் கடுமை. வீட்டுக்குப் போக முன் ரவுட்டரையும் மடிக்கணினியையும் செருகியிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மாரி காலத்தில் அவற்றை அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி அதிபரிடம் ஒப்படையுங்கள். ஓர் ஆசிரியர் இடமாற்றத்தில் போனதோடு கணினி அறை பூட்டப்படுவது நம் மாகாணத்தில் புதிதல்ல.

வளங்கள் உள்ள கோப்புறையில் ஒரு சிறிய உரைக் கோப்பும் வைத்திருக்கிறேன். எது எங்கிருந்து வந்தது, ஆக்கியவர் யார், என்ன உரிமம், எந்தத் திகதியில் இறக்கியது, நாங்கள் எந்தச் சொல்லை மாற்றினோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்துப் பாடசாலை கேட்டால், பாடத்தொகுப்பை கோலிப்ரியிலிருந்தே வெளி வன்தட்டுக்கு ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். அவர்களுக்கு இணையமே தேவைப்படாது. அந்த உரைக் கோப்பையும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் மாற்றுவதையும் அதில் தொடர்ந்து எழுதட்டும்.