பிக்கப் லைனில் தொடங்குங்கள்: சார்ட்டர் பள்ளிக்குள் பெற்றோரைக் கொண்டுவருவது எப்படி

நான் ஏற்பாடு செய்த முதல் பெற்றோர் கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போட்டேன், மூன்று பெட்டி டோனட் வாங்கினேன். வந்தது ஆறு பேர். அதிலும் ஒருவர் ஆபீஸ் எங்கே என்று கேட்க எட்டிப் பார்த்தவர். டோனட்டைக் காட்டி உட்கார வைத்தேன். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. கலிஃபோர்னியாவின் கிழக்கு சான் ஹோசேயில் அந்த நேரத்துக்கு எங்கள் பள்ளித் தாய்மாரில் பாதிப்பேர் யார் வீட்டிலோ தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள், இல்லை நெயில் சலூனைத் திறந்துகொண்டிருப்பார்கள். தகப்பன்மார் பலர் இரவு ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். "இந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் கோவில்பட்டிக்காரி. மகன் கிண்டர்கார்ட்டனிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இங்கே ஒரே சார்ட்டர் பள்ளியில்தான் படித்தான். மெக்சிகோ, வியட்நாம் குடும்பங்கள் நிறைந்த பள்ளி; தமிழ்க் குடும்பம் எங்களோடு சேர்த்து மூன்று. ஏழு வருடம் பெற்றோர் குழுவில் இருந்ததில் கற்றதைக் கேட்டு, புதிதாகச் சேர்ந்த ஓரிரு தமிழ் அம்மாக்கள் போன் செய்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். 1991இல் மின்னசோட்டா முதல் சட்டம் போட்டது, மறு வருடம் கலிஃபோர்னியா. ஆனால் மாவட்டப் பள்ளி, அதாவது ஊரின் சாதாரண அரசுப் பள்ளி என்றால், அதன் நிர்வாக வாரியத்தை ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். சார்ட்டரில் பெரும்பாலும் வாரியம் நியமனம்தான். பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போகலாம், அவ்வளவே. அதனால் பெற்றோர் குழு இங்கே கேக் விற்றுக் காசு சேர்க்கிற சங்கமாக மட்டும் இருந்தால் போதாது. கேள்வி கேட்க வேறு ஆளே இல்லை.

கார் கண்ணாடி வழியாக ஒரே கேள்வி

சாயங்காலம் மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளக் கார்கள் தெருவைச் சுற்றி நிற்கும். இதுதான் பிக்கப் லைன். பதினைந்து, இருபது நிமிடம் யாரும் எங்கேயும் நகர முடியாது. கூட்டம் ஏற்கெனவே கூடிவிட்டது, நீங்கள்தான் வேறிடத்தில் நாற்காலி போட்டிருக்கிறீர்கள்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, மூன்று மொழியில் எழுதிய ஓர் அட்டை. கார் காராகப் போனேன். "இந்தப் பள்ளியில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" இதுதான் கேள்வி. "நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்?" என்று கேட்காதீர்கள். பழகாத வீட்டுக்குள் நுழைந்ததும் கடன் கேட்கிற மாதிரி அது. நடந்து வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிற தாத்தா பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். பள்ளியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டு வாரத்தில் நாற்பதுக்கு மேல் பதில் சேர்ந்தது. கணக்குப் பாடம், ஹோம்வொர்க் என்று எதிர்பார்த்திருந்தேன். அதிகம் வந்தது பக்கவாட்டு கேட். அது எப்போதும் பூட்டியிருக்கும். கைக்குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துக்கொண்டு வருகிற அம்மாக்கள் அதனால் ஒரு பிளாக் முழுக்கச் சுற்றி நடந்தார்கள். பிரின்சிபலிடம் நோட்டைக் காட்டினேன். ஆள் நின்றால் திறக்கலாம் என்றார். ஒரு மெக்சிகன் அம்மா நான் நிற்கிறேன் என்றார். கேட் திறந்தது.

அந்த கேட் கூட்டிவந்த அளவுக்கு ஆள்களை எந்த நோட்டீசும் கூட்டிவரவில்லை. கேட்டால் நடக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டவர்கள் மறுமுறை வருகிறார்கள். ஆகவே நோட்டில் இருப்பதில் சின்னதாக, சீக்கிரம் முடிகிற ஒன்றை முதலில் எடுங்கள். பெரியதை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக் கூட்டம்

இது எங்கள் பேட்டையிலேயே வளர்ந்த வித்தை. 1952இல் பிரெட் ராஸ் என்கிற அமைப்பாளர் கிழக்கு சான் ஹோசேயில் சால் சி புவெதெஸ் என்ற குடியிருப்புக்கு வந்தார். "முடிந்தால் வெளியே போ" என்று பொருள். மழைக்காலத்தில் அவ்வளவு சேறு. அங்கே இருந்த ஓர் இளைஞரோடு பழகி, அவரைப் பயிற்றினார். அவர்தான் பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் கட்டிய சீசர் சாவேஸ். ராஸின் முறை எளிது. மண்டபம் பிடிக்காதே, மேடை போடாதே; ஒரு வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டு, பேசவிடு.

நான் செய்வது இப்படி. அழைப்பது நானல்ல, அந்த வீட்டுக்காரர். எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. ஞாயிறு மதியம் அல்லது வேலைநாள் இரவு ஏழரை. பிள்ளைகளை அடுத்த அறையில் படம் போட்டு உட்கார வைக்க ஒரு பெரிய பெண். ஒன்றேகால் மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும், பேச்சு சூடாக இருந்தாலும் சரி. முதல் கூட்டத்துக்கு பிரின்சிபலை அழைக்காதீர்கள். அவர் இருந்தால் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவதுக்கு அவர் தனியாக வரட்டும், பிரசென்டேஷன் இல்லாமல்.

மொழி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் பேசி, ஸ்பானிஷில் பெயர்க்க ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை வைத்துக்கொண்டோம். தன் அம்மா சொன்ன குறையை அவன் பாதி முழுங்கினான். ஏன் முழுங்கமாட்டான், குறை அவன் டீச்சரைப் பற்றியது! பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அரசுப் பணம் வாங்குகிற பள்ளி, ஆங்கிலம் அதிகம் தெரியாத பெற்றோருக்குப் புரிகிற மொழியில் முக்கிய விஷயங்களைச் சொல்லியாக வேண்டும் என்பது மத்திய அரசின் சிவில் உரிமைச் சட்டம்; சார்ட்டருக்கும் அதுதான். அடுத்த கூட்டத்தைத் திருப்பிப் போட்டோம். பேச்சு முழுக்க ஸ்பானிஷில், மொழிபெயர்ப்புக் கருவியை நானும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களும் காதில் மாட்டிக்கொண்டோம். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நாங்கள் சிரித்தோம். வீட்டுக்காரப் பாட்டி என் கையில் ஒரு டமாலேயைத் திணித்து, "சாப்பிடு, மீஹா" என்றார். மீஹா என்றால் நம் கரிசல் பக்கத்தில் "தாயி" என்பது போல. டமாலேயும் நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம்தான். வாழை இலைக்குப் பதில் சோளத் தோகை.

தகவல் அனுப்புவதையும் இப்படியே பாருங்கள். பள்ளி ஒரு ஆப் வைத்திருக்கும், அதில் யாரும் எதையும் படிப்பதில்லை. எங்கள் ஸ்பானிஷ் குடும்பங்கள் வாட்ஸ்அப்பில், வியட்நாம் குடும்பங்கள் ஸாலோவில். நீங்கள் அங்கே போங்கள். எழுத்தைவிட வாய்ஸ் மெசேஜ் மேல்.

ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவதும் நல்ல பலன் தரும். சாக்ரமென்டோவில் 1998இல் தொடங்கிய முறை: இருவராகப் போவார்கள், முன்பே கேட்டுக்கொண்டு போவார்கள், முதல் சந்திப்பில் பிள்ளையின் குறையைப் பேசமாட்டார்கள். ஆசிரியருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பள்ளி ஒப்புக்கொண்டால் தொடங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

வேலை கொடுப்பது, வரி போடுவதல்ல

ஒரு பள்ளியின் கையேட்டில் குடும்பத்துக்கு வருடம் முப்பது மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்று போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு வேலை பார்க்கிற ஓர் அப்பா, மணி குறைந்தால் மகளை நீக்கிவிடுவார்களோ என்று என்னிடம் வந்து கேட்டார். கலிஃபோர்னியாவில் அது செல்லாது. 2017இல் வந்த சட்டப்படி, பெற்றோர் பங்கேற்பு சேர்க்கைக்கோ தொடர்ந்து படிப்பதற்கோ நிபந்தனை இல்லை என்று சார்ட்டர் பள்ளியே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊக்கப்படுத்தலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. எங்கள் ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. ஆனால் கட்ட முடியாத வீட்டைப் பெரியவர்கள் சத்தமில்லாமல் கழித்துவிட்டு, கறிப் பங்கை மட்டும் அனுப்பிவிடுவார்கள். அந்த நாசூக்கு வேண்டும்.

"வாலன்டியர்கள் தேவை" என்று பொதுவாகப் போட்டால் எப்போதும் வருகிற நாலு பேர்தான் வருவார்கள். ஆளைப் பார்த்து, நாளைக் குறித்து, முடிகிற நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்: "வியாழக்கிழமை இரண்டே முக்காலிலிருந்து மூன்றேகால் வரை கேட்டில் நிற்க முடியுமா?" வகுப்பறைக்குள் தொடர்ந்து உதவ வருகிறவர்களுக்குப் பள்ளிகள், குற்றப் பதிவு பார்ப்பதற்கான லைவ் ஸ்கேன் கைரேகையும் காசநோய்ச் சோதனையும் கேட்கும். கைரேகை என்றதும் சிலர் முகம் மாறும், அதன்பின் வரவே மாட்டார்கள். ஏன் என்று துருவாதீர்கள். சனிக்கிழமை தோட்ட வேலை, வீட்டிலிருந்தே காகிதம் வெட்டித் தருவது, மற்றப் பெற்றோருக்குப் போன் செய்வது என்று பிள்ளைகளோடு தனியே இருக்கத் தேவையில்லாத வேலைகளைத் தயாராக வைத்திருங்கள். எங்கள் குழுவின் சிறந்த ஆள் ஒருவர் ஒருநாளும் வகுப்பறைக்குள் போனதில்லை.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், பள்ளி நிகழ்ச்சிக்காக வருடத்துக்கு 40 மணி நேரம், மாதத்துக்கு 8 மணிக்கு மிகாமல், விடுப்பு எடுக்க இந்த மாநிலத்தில் உரிமை உண்டு. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சம்பளம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. அதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். முதலாளியிடம் காட்ட வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

வாரியத்தின் முன்னால்

உள்ளூர் அரசு அமைப்புகளின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிற பிரவுன் சட்டத்துக்கு சார்ட்டர் வாரியங்களும் கட்டுப்பட்டவை என்று 2019இல் கலிஃபோர்னியா தெளிவாக்கியது. அதனால் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்னதாக வெளியாக வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். நிரலில் இல்லாததைப் பேசினால் வாரியம் கேட்டுக்கொள்ளும், விவாதிக்கவோ முடிவெடுக்கவோ முடியாது. இது தெரியாமல் நாங்கள் மூன்று கூட்டம் பேசிப் பேசித் தொண்டை வற்றினோம். இரண்டு வாரம் முன்பே தலைவருக்கு எழுதி, உங்கள் விஷயத்தை நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பேச மூன்று பேர் போதும். கோரிக்கை ஒன்றே, கதை மூன்று. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்கு, ஒரே நேரத்தில் பெயர்க்கும் கருவி இல்லாத கூட்டத்தில், இரட்டிப்பு நேரம் தரவேண்டும் என்பது சட்டம். இரண்டு நிமிடத்தில் வெட்டப் பார்த்தபோது நான் எழுந்து இதைச் சொன்னேன். வியட்நாம் பாட்டி நாலு நிமிடமும் முழுதாகப் பேசி, பிள்ளைகளின் ஆஃப்டர் ஸ்கூல் நேரத்தை ஆறு மணி வரை நீட்டிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பணம் எங்கே போகிறது என்பது எல்கேப் (LCAP) என்ற திட்ட அறிக்கையில் இருக்கும். ஜூலை 1க்குள் நிறைவேற்ற வேண்டும், அதற்கு முன் பெற்றோர் கருத்தைக் கேட்க வேண்டும். மே மாதம் ஒரு சர்வே அனுப்பிக் கேட்டதாகக் கணக்குக் காட்டுவார்கள். அதற்குள் அடுப்பில் எல்லாம் வெந்துவிட்டது. நீங்கள் பிப்ரவரியில் போய் உட்காருங்கள்.

சார்ட்டர் புதுப்பிப்பு, அதாவது பள்ளி நடத்தத் தந்த அனுமதியைப் புதுப்பிப்பது, வரும்போது பள்ளிக்குப் பெற்றோர் திடீரென்று வேண்டியவர்களாகிவிடுவார்கள். பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. தேர்ச்சி மிக நன்றாக இருந்தால் ஏழு வரை தருவார்கள், மோசமென்றால் மறுக்கலாம், அல்லது இரண்டு வருடத் தவணை. மனு கொடுத்த 60 நாளுக்குள் பொது விசாரணை. பஸ் பிடித்து, ஒரே நிறச் சட்டை போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எனக்குப் பிடிக்காது. பள்ளியின் ஒரு குறையையும் சேர்த்துச் சொல்கிற நாலு பெற்றோரை அனுப்புங்கள் என்று நான் சொன்னபோது பிரின்சிபல் முகம் கறுத்தது. அனுப்பினோம். கேள்வி கேட்கப்பட்டது அவர்களிடம் மட்டும்தான்.

அக்கம்பக்கத்தாரிடம் நன்கொடை கேட்டுப் போவதற்கு முன், பள்ளியால் அவர்களுக்கு என்ன தொல்லை என்று கேளுங்கள். எதிர் வீட்டுக்காரரின் வாசலைத் தினம் கார்கள் மறித்தன. ஆரஞ்சுக் கூம்பு நாலு வாங்கி வைத்தோம், அவ்வளவுதான். அவர் எங்களுக்கு நண்பராகிவிடவில்லை. நகராட்சிக்குப் போன் செய்வதை நிறுத்தினார். நூலகம், சர்ச், ஃபோ (வியட்நாம் நூடுல்ஸ் சூப்) கடை எல்லாம் அதற்குப் பிறகு.

கடைசியாகக் கைமாற்றல். பிள்ளை போனால் பெற்றோரும் போய்விடுவார்கள், குழு இரண்டே வருடத்தில் கரைந்துவிடும். வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு கையெழுத்து, அதில் ஒருவர் சின்ன வகுப்புப் பெற்றோர். வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று அட்மின். எந்த வேலைக்கும் கூடவே ஒரு ஆள். போன ஜூனில் என் மகன் எட்டாம் வகுப்பு முடித்தான். என் நோட்டு இப்போது கேட்டில் நின்ற அந்த மெக்சிகன் அம்மாவிடம் இருக்கிறது. பொறுப்பேற்ற முதல் வாரமே நான் வைத்திருந்த கூட்ட நேரத்தை மாற்றிவிட்டார்.