காய்ச்சல் கேஸ் எடுப்பது எப்படி: முதல் தடவை வார்டுக்குப் போகிறவர்களுக்கு

அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் ஒரு வழியாகத் தாண்டி, புது ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மெடிசின் வார்டுக்குள் நுழைகிற முதல் நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் விடிகிறது. பிஜி (மேற்படிப்பு டாக்டர்) ஒருவர் "மூணாவது பெட்ல காய்ச்சல் கேஸ் இருக்கு, எடுத்து வை, சீஃப் வந்ததும் பிரசன்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவார். நோயாளியிடம் விசாரித்து, உடம்பைச் சோதித்து, யூனிட்டின் தலைமை டாக்டரிடம் ஒப்பிக்க வேண்டும் என்று அர்த்தம். கட்டிலருகே போய் நிற்பீர்கள். புத்தகத்தில் காய்ச்சலுக்குப் போட்டிருந்த அத்தனை காரணமும் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வரும், கேட்பதற்கு ஒரு கேள்விகூட வராது.

நானும் அப்படி முழித்தவன்தான். அதனால் எல்லா நோயையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் காய்ச்சல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மதுரைப் பக்கம் ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் வார்டில் காய்ச்சல் கேஸுக்குப் பஞ்சமே இருக்காது; கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி ஓபி வரிசையை ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை காலையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (இது படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதியது. உங்களுக்கே காய்ச்சல் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.)

படி 1: உட்காருங்கள்

ஸ்டூல் இருந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி, மாணவர் என்று சொல்லி, பேசலாமா என்று கேளுங்கள். நின்றுகொண்டே கேட்டால் அப்பத்தாக்கள் ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், உட்கார்ந்தால் ஊர்க்கதையே வரும். நமக்கு வேண்டியது அந்த ஊர்க்கதைக்குள்தான் இருக்கும்.

படி 2: இன்று காய்ச்சல் எத்தனையாவது நாள்?

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டால் "அது ஒரு வாரமா இருக்கும்யா" என்றுதான் பதில் வரும். அந்த ஒரு வாரம் நாலு நாளாகவும் இருக்கலாம், பன்னிரண்டு நாளாகவும் இருக்கலாம். அதை அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற்றிவிடாதீர்கள். ஊர்க் காலண்டரை வைத்து நெருக்குங்கள்.

"போன சந்தைக்குப் போனீங்களா ஆத்தா?"
"போனேன்யா."
"போகும்போது மேலுக்கு நல்லாத்தான் இருந்துச்சா?"
"போகையில நல்லாத்தான் போனேன். வந்து ராத்திரி கஞ்சி குடிக்க முடியல, மேலெல்லாம் கணகணன்னு ஆயிருச்சு."

கிடைத்துவிட்டதா? சந்தை வெள்ளிக்கிழமை, இன்று புதன், வெள்ளியை முதல் நாளாக வைத்தால் இன்று ஆறாவது நாள். கார்த்திகை தீபம், ரேஷன் வாங்கிய நாள், நூறு நாள் வேலைக்குப் போன கடைசி நாள், பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாள் என்று எதையாவது பிடித்துக்கொண்டு எண்ணிவிடலாம்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், அதே காய்ச்சலுக்கு நாளைப் பொறுத்து அர்த்தம் மாறும். டெங்குவில் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், அதுவும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். வீட்டில் எல்லாரும் "காய்ச்சல் விட்டுருச்சு" என்று சந்தோஷப்படுகிற அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ஆள் உள்ளுக்குள் சரிந்துகொண்டிருப்பார். முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்எஸ்1 டெஸ்ட் கைகொடுக்கும், அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளான ஐஜிஎம் பார்க்க வேண்டும். டைபாய்டுக்கு முதல் வாரத்தில், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற பிளட் கல்ச்சர்தான் நல்லது. ரெண்டு வாரத்தைத் தாண்டிய காய்ச்சல், கூடவே இருமல், சாயங்காலம் ஆனால் ஏறுகிறது, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால் டிபியைப் பட்டியலில் மேலே ஏற்றிச் சளியை அனுப்புங்கள். நாள் தெரியாமல் போட்ட டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தால் அதை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

படி 3: குளிரா, நடுக்கமா

"குளுரு காய்ச்சல்" என்று எல்லாருமே சொல்வார்கள். ஃபேனை நிறுத்தச் சொன்னதும் குளிர்தான், கட்டில் ஆட நடுங்கியதும் குளிர்தான். "கம்பளி போத்தியும் நடுங்குச்சா, பல்லு கிட்டிச்சா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மலேரியா, சிறுநீரகத்தில் சீழ்த்தொற்று, உடம்புக்குள் எங்காவது சீழ்க்கட்டி என்று யோசனை வேறு பக்கம் போக வேண்டும். ஒன்றுக்குப் போகையில் எரிச்சல், விலாவுக்குப் பின்னால் வலி உண்டா என்றும் அந்த மூச்சிலேயே கேட்டுவிடுங்கள். வெளிமாநிலத்துக்கு முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு வந்தவர் என்றால் மலேரியா ஸ்மியரை (ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) மறக்க வேண்டாம்.

படி 4: "என்ன வேலை" என்று மட்டும் கேட்டுவிட்டு நகராதீர்கள்

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கார்த்திகை மாசம், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. எட்டு நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, பிளேட்லெட் குறைவு. "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்றேன். "சும்மாதான் வீட்ல இருக்கேன் தம்பி" என்றார். நான் அதை அப்படியே 'இல்லத்தரசி' என்று எழுதி, டெங்குவா என்று ஒரு கேள்விக்குறியும் போட்டு முடித்துவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் அதே அம்மாவிடம், "காய்ச்சல் வர்றதுக்கு முந்தின வாரம், காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்றார். வாசல் தெளிப்பேன், மாடு பிடித்துக் கட்டுவேன், வெயிலுக்கு முன்னாடி கம்மாக்கரையில் புல்லறுத்து ஒரு கட்டு தூக்கிவருவேன் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். தினமும் அழகர் மலை அடிவாரத்துப் புதருக்குள் உட்கார்ந்து புல்லறுக்கிறவர். அவர் கணக்கில் அது வேலையே இல்லை, சும்மா இருப்பது.

அப்புறம் நடந்தது படி 7-இல்.

அதனால் தொழிலைக் கேளுங்கள், ஆனால் ஒரு நாளையும் கேளுங்கள். புதர், புல், விறகு, ஆடு மேய்ப்பு என்றால் புதர்ப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ். மேலூர், சோழவந்தான் பக்கம் நாற்று நட வயல் சேற்றில் நின்றவர், சாக்கடை அள்ளியவர், தேங்கிய மழைத் தண்ணீரில் நடந்தவர் என்றால் எலி மூத்திரத்தால் வருகிற லெப்டோ. தெருவிலேயே நாலு பேருக்குக் காய்ச்சல், வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கிற ட்ரம் இருக்கிறது என்றால் டெங்கு. ஒருவருக்கு இதில் மூன்றும் பொருந்தலாம், கவலைப்படாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஏற்கெனவே என்ன உள்ளே போயிருக்கிறது

"மெடிக்கல்ல ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், ஒரு ஊசியும் போட்டாங்க." அந்தச் செட்டில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. துணைக்கு இருக்கிறவரிடம் காலி அட்டையோ சீட்டோ கொண்டுவரச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் பொய்யாக இறங்கியிருக்கும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை என்றால் டெங்கு நோயாளிக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடும். டெம்பரேச்சர் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் பாராசிட்டமால் போட்டிருக்கிறார் என்றால் உங்கள் தெர்மாமீட்டர் காட்டுகிற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 6: பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

மஞ்சள் காமாலையை டியூப் லைட்டில் தேடாதீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை லேசாகத் தூக்கி வெள்ளை விழியைப் பாருங்கள். ரத்தச்சோகைக்குக் கீழ் இமையின் உட்பக்கம். கண் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை இல்லை, கெண்டைக்காலை அமுக்கினால் "ஆத்தாடி" என்று காலை இழுத்துக்கொள்கிறார் என்றால் லெப்டோ பட்டியலில் மேலே போகும். நாக்கு நடுவில் வெள்ளை படிந்து ஓரமும் நுனியும் சிவப்பாக இருந்தால் டைபாய்டை நினைத்துக்கொள்ளலாம். டைபாய்டுக்கு ரோஸ் நிறப் புள்ளிகள் வரும் என்று புத்தகம் சொல்லும், நம்ம ஊர் நிறத்தில் அதைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. காணோமே என்று டைபாய்டைத் தள்ளிவிட வேண்டாம்.

படி 7: பொருக்கைத் தேடுங்கள்

அந்த அம்மாவுக்கு வருவோம். சீஃப் ஸ்கிரீனை இழுக்கச் சொல்லி, சிஸ்டரைக் கூட நிற்கச் சொல்லி, அந்த அம்மாவிடம் எதற்குப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுமதி கேட்டுவிட்டுத் தேடினார். முதலில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று நெறிக்கட்டைத் தடவிப் பார்த்தார். இடது அக்குளில் ஒரு கட்டி கையில் தட்டியது. "நெறி கட்டியிருந்தா அதுக்குப் பக்கத்துல எங்கயோ புண்ணு இருக்கும்" என்றார். இருந்தது, இடது மார்புக்கு அடியில். பாதி உளுந்து அளவுக்குக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசாகச் சிவந்த வளையம், யாரோ சிகரெட்டை வைத்து அழுத்தி எடுத்தது மாதிரி. அந்த அம்மாவுக்கே அது தெரியாது, ஏனென்றால் வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது.

செடி கொடியில் இருக்கிற ஒரு வகைச் சின்னப் பூச்சியின் இளம்புழு கடித்த இடம் அது. நோய் ஸ்க்ரப் டைபஸ், கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி, வைவாவில் (வாய்மொழித் தேர்வு) நாக்கு சுளுக்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அந்தப் புழு துணி இறுகுகிற இடத்தையும் மடிப்பையும்தான் தேடிப்போகும் என்பதால் அக்குள், மார்புக்கு அடி, பாவாடை நாடா, அரைஞாண் கயிறு படுகிற இடுப்பு, தொடையிடுக்கு, விதைப்பை, பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று ஒரு இடம் விடாமல் பாருங்கள். வேர்வை ஊறுகிற இடத்தில் பல நேரம் கறுப்புப் பொருக்கு உட்காராது, மேலாகத் தோல் உரிந்த சின்னப் புண்ணாக இருக்கும், அதைச் சேற்றுப்புண், உரசல் என்று நினைத்துத் தாண்டிப்போவது சுலபம்.

டாக்சிசைக்ளின் தொடங்கிய ரெண்டாம் நாள் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. நானாக இருந்தால் இன்னும் பிளேட்லெட்டை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். பொருக்கு இல்லாமலும் ஸ்க்ரப் டைபஸ் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் வேறு பக்கம் தவறுவீர்கள்.

படி 8: எண்ணுங்கள், தொடுங்கள்

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற சோம்பேறித்தனம் வேண்டாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம், 28 என்று வந்தால் உடனே பிஜியைக் கூப்பிடுங்கள், கேஸ் ஷீட் அப்புறம் எழுதிக்கொள்ளலாம். நாடியையும் எண்ணுங்கள்: 103 டிகிரி காய்ச்சலில் நாடி 84 மட்டும் என்றால், உடம்புச் சூட்டுக்கு ஏற்ற ஓட்டம் இல்லை, டைபாய்டு ஞாபகத்துக்கு வரட்டும். பிரஷரில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவு என்றால் டெங்குவில் அது ஷாக். மேல் எண் 100 இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், 100/84 என்பது கெட்ட செய்தி.

டெங்குவுக்கான டூர்னிக்கே டெஸ்ட் உங்கள் கையாலேயே செய்யலாம். பிரஷர் பட்டையை மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் ஏற்றி 5 நிமிடம் வைத்து, இறக்கியபின் முழங்கைக்குக் கீழே ஒரு சதுர அங்குலத்தில் 10 அல்லது அதற்கு மேல் சிவப்புப் புள்ளி வந்தால் பாசிட்டிவ். வராவிட்டால் டெங்கு இல்லை என்று அர்த்தம் இல்லை.

மண்ணீரலை வலது அடிவயிற்றிலிருந்து தடவத் தொடங்கி, மூச்சை இழுக்க இழுக்க இடது விலாவுக்கு ஏறுங்கள். நேராக இடது விலாவுக்கு அடியில் கையை வைத்தால், பெரிதாக வளர்ந்த மண்ணீரலின் மேலேயே கை உட்கார்ந்திருக்கும், ஓரம் தட்டாது. பரீட்சையிலும் இதில்தான் பிள்ளைகள் மாட்டுவது.

படி 9: மூன்று பெயர், அப்புறம் டெஸ்ட்

பன்னிரண்டு நோயை எழுதாதீர்கள். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் இந்த ஆளிடம் ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று ஒரு வரி. அதற்குப் பிறகுதான் லேப். டைபாய்டுக்கான விடால் ரத்த டெஸ்ட் 1896-இல் வந்தது, இன்னும் காய்ச்சல் என்றாலே பலர் எழுதிவிடுகிறார்கள். முன்பு எப்போதோ வந்த டைபாய்டுக்கும் போட்ட தடுப்பூசிக்கும் கூட அது பாசிட்டிவ் காட்டும் என்பதால் ஒற்றை விடாலை வைத்து நான் யாருக்கும் டைபாய்டு என்று பெயர் வைக்க மாட்டேன். ரத்த எண்ணிக்கையில் பிளேட்லெட்டோடு ஹீமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பாருங்கள்: நேற்று 38, இன்று 46 என்றால் நீர் கசிகிறது. பிளேட்லெட் குறைவு டெங்குவுக்கு மட்டும் சொந்தம் இல்லை, ஸ்க்ரப் டைபஸ், லெப்டோ, மலேரியா எல்லாவற்றிலும் குறையும்.

படி 10: சீஃபிடம் சொல்வது

முதல் வாக்கியத்திலேயே ஆள், ஊர், செய்கிற வேலை, நாள் எல்லாம் வந்துவிட வேண்டும். "45 வயதுப் பெண், அழகர்கோவில் பக்கம், தினமும் புல்லறுக்கிறவர், எட்டாம் நாள் காய்ச்சல், தலைவலி, நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, இடது மார்புக்கு அடியில் கறுப்புப் பொருக்கு." இதைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பாராட்டு எதிர்பார்க்காதீர்கள், திட்டாமல் நகர்ந்தாலே பாஸ்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் அதே கட்டிலுக்குப் போய், தேதிக்குப் பக்கத்தில் 'காய்ச்சல் நாள் 9' என்று எழுதிவிட்டு, மூச்சை மறுபடி எண்ணுங்கள்.